டொரோண்டோ குளிரில செவ்வரத்தைச் சாடி: யன்னலோரமா, பேஸ்மென்டா?

இரவு 10 பாகைக்குக் கீழ போகத் தொடங்க முதலே சாடியள உள்ளுக்கு எடுத்திடுங்கோ. தெற்குப் பார்த்த யன்னலெண்டா இலை நிக்கும், இடைக்கிடை பூவும் வரும், ஆனா ஹீட்டர் காத்துக்குச் சிலந்திப்பேன் பிடிக்கும், இலையின்ர அடிப்பக்கம் தூசி மாதிரிப் புள்ளியும் மெல்லிய நூலும் தெரிஞ்சா உடன ஷவருக்குக் கீழ பிடிச்சுக் கழுவோணும். பேஸ்மென்ட் 10-13 பாகையில இருந்தா இலை கொட்டி வெறும் தடியா நிக்கும், பயப்படாதேங்கோ, நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாருங்கோ, உள்ள பச்சையெண்டா உயிர் இருக்கு. மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா கொஞ்சத் தண்ணி போதும். செவ்வரத்தைக்கு நான் பேஸ்மென்ட் தான் சொல்லுவன். மல்லிகையை மட்டும் இருட்டில விடாதேங்கோ, அதுக்கு யன்னல் வெளிச்சம் கட்டாயம்.