ஐந்து வருடமாகத் தேன் விற்கிறேன்: எது எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் எங்கள் கடை. அப்பா காலத்தில் தேனை மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். பாட்டிலில் ஒட்டும் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். 2020-இல் சொந்தப் பெயரில் பாட்டில் போட ஆரம்பித்தேன். அந்தப் பெயரை நாலு பேர் நம்ப வேண்டும் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். எது பலன் தந்தது, எது தரவில்லை என்று இப்போது சொல்ல முடிகிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கிறது. விலைப்பட்டியலைப் படத்துடன் வைக்க நல்ல வசதி. ஆனால் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. அதன்பிறகுதான் 'எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த தேன் எடுப்பை முதலில் சொல்கிறேன்' என்று லேபிளிலேயே அச்சடித்தேன்.

காசு கொடுத்து எடுத்த ஒரு வீடியோ ஒரே வாரம் கூட்டம் சேர்த்தது. அவ்வளவுதான்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்ததுதான் பெரிய மாற்றம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அதனால் கடை விவரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்தேன். அங்கேதான் முதல் அடியும் விழுந்தது. நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர், அடியில் வெள்ளையாகக் கட்டிப்பட்ட பாட்டிலைப் படம் பிடித்துப் போட்டு, 'சீனி கலந்த தேன்' என்று ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. கோபத்தில் எழுதிய பதிலை அழித்துவிட்டு, காலையில் நிதானமாக எழுதினேன்.

எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் தை, மாசியில், பூவில் அல்ல, மூன்று இலைகளும் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதைத்தான் கொண்டுவருகின்றன. அந்தத் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் வைக்கக் கூடாது. இதை எழுதிவிட்டு, 'பாட்டிலோடு ஒரு தடவை வாங்க சேட்டா' என்று அழைத்தேன். வந்தார். கண்முன்னே இளகியதைப் பார்த்தார். எழுதியதை அழிக்காமல், கீழே இரண்டு வரி சேர்த்து நாலு ஸ்டாராக மாற்றினார். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அன்றிலிருந்து 'இந்தத் தேன் உறையும்' என்பது லேபிளின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. தேன் எடுத்த மாதம், தேனீப் பெட்டி வைத்த ஊர், பரிசோதனையில் வந்த ஈரப்பதம் எல்லாம் பக்கத்தில். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2022-இல் மழையில் எடுத்த ஒரு தொகுதி 22 காட்டியது. சூடாக்கி வற்ற வைக்கலாம்தான், ஆனால் சூட்டில் தேனின் மணமும் தரமும் போய்விடும். அதை எங்கள் பெயரில் அடைக்கவில்லை, ஈரப்பதத்தைச் சொல்லியே மொத்தமாகக் கொடுத்தேன். நட்டம்தான். செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

டிரேட்மார்க் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரோடு 'தேன்' சேர்த்துப் பதிய நினைத்தேன். ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயரைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு பொதுவாக ஏற்காது என்று தெரிந்த வக்கீல் தடுத்தார். வீட்டுப் பெயரைக் கொடுத்தோம். டிரேட்மார்க் பதிவுக்கான பொருள் வகைகளில் தேன் 30-ஆம் வகுப்பு, சிறு தொழிலுக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும். இதனால் விற்பனை அதிகரிக்காது. ஆனால் லேபிள் அடிக்கும் முன்பே செய்துவிடுங்கள், பிறகு பெயரை மாற்றுவது பெரிய வேதனை.

எனக்குள் அதிகம் போராடிச் சேர்த்த வரி இன்னொன்று: 'ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.' தேனில் சில நேரம் இருக்கும் பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகலாம். பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள ஊரில் இதை எழுதியது அம்மாவுக்கே பிடிக்கவில்லை. "விக்கிற பொருள நீயே வேண்டாம்னு சொல்லலாமா மக்கா?" என்றார். சேனைக்காக வந்த ஒரு குடும்பத்தை விஷயத்தைச் சொல்லி வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அந்தப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் அவர்களே வந்து ஒரு கிலோ வாங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.