மலை வீட்டுக்கு எந்த ஸ்ட்ரீமர்: ராஸ்பெரி பையா, ஆயத்தப் பெட்டியா?

இணையத்திலிருந்தோ சேகரித்த கோப்பிலிருந்தோ பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் சிறு பெட்டிதான் ஸ்ட்ரீமர். எதை வாங்கலாம் என்று சென்னை நண்பர்கள் கேட்டால் ஒரு பதில் சொல்கிறேன். குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் வேறு பதில் சொல்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் சில்லு இரண்டு ஊரிலும் ஒன்றுதான். ஆனால் மின்சாரம் வேறு, இணையம் வேறு, சுவர் வேறு. அறையின் அமைதியும் வேறு.

சமவெளி வீடுகளில் வருடத்தின் பெரும்பகுதி தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது. ஆம்ப்ளிஃபையரின் மெல்லிய சீறலும் சார்ஜரின் கீச்சொலியும் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். இங்கே பல வீடுகளில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. மழையில்லாத இரவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து கேளுங்கள். தம்புராவின் நாதம் தேய்ந்து இல்லாமல் போகிற இடம்வரை காது கூடவே போகும். இசை கேட்பவருக்கு இந்த மலை தரும் மிகப் பெரிய கொடை இதுதான். ஆனால் அதே அமைதி, சாதனத்தின் சின்னக் குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு ஸ்ட்ரீமரை இங்கே எடைபோடும்போது மூன்று கேள்விகள்தான் எனக்கு முக்கியம்: பாடாத நேரத்தில் அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது, இணையம் இல்லாத நாளில் பாடுமா?

இரண்டு எளிய வழிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கைபேசியில் யூஎஸ்பி டாங்கிள் (ஒலியை வெளியே எடுக்கும் விரலளவு மாற்றி) செருகி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது மிகவும் மலிவு. நல்ல டாங்கிளின் ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. அதைத் தவிர்க்கத் தனிச் செயலி வேண்டும். யாராவது அழைத்தால் ஆலாபனை பாதியில் நிற்கும். பழைய லேப்டாப் என்றால் அதன் விசிறியே இரைகிறது. மூன்று முள் அடாப்டரின் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்துகொள்ளலாம். இரண்டுமே தற்காலிக ஏற்பாட்டுக்குச் சரி.

உண்மையான போட்டி ராஸ்பெரி பை 4-க்கும், வீம் புரோ போன்ற ஆயத்த ஸ்ட்ரீமருக்கும் இடையில்தான். பை என்பது உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகை. 2019 ஜூனில் வந்தபோது 1 ஜிபி நினைவகம் கொண்டது 35 டாலர். அதன்மேல் டிஏசி பலகை (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது), உறை, மெமரி கார்டு, மின் அடாப்டர் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். லிங்க்பிளே நிறுவனத்தின் வீம் புரோ 2022-ல் 149 டாலருக்கு வந்தது, செருகினால் பாடும். இந்தியாவில் இரண்டுமே இதைவிடக் கூடுதல் விலைக்குத்தான் கைக்கு வருகின்றன. பையின் உதிரிகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், விலை வித்தியாசம் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

ஒலியில் எது மேல்? வீம் புரோவுக்குள் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் பிசிஎம்5121 சில்லு. பையின் மேல் பொருத்தும் ஹைஃபைபெர்ரி டிஏசி பிளஸ் பலகையில் இருப்பது பிசிஎம்5122. இரண்டும் ஒரே குடும்பம். இருந்தும் இது இனிமை, அது வறட்சி என்று சாதிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒலியளவைச் சமப்படுத்தினீர்களா? ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும், காது அதைத் தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் எடுத்துக்கொள்ளும். 1 வோல்ட் தரும் டாங்கிளையும் 2 வோல்ட் தரும் ஸ்ட்ரீமரையும் அப்படியே மாற்றிக் கேட்டால் இடையில் 6 டெசிபல் வித்தியாசம். அதில் எந்தப் பெட்டி ஜெயிக்கும் என்பது கேட்காமலே தெரியும்.

நான் செய்யும் முறை இது. 100 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளப்பேன். ஒன்று 2.00 காட்டினால் மற்றது 2.02-ஐத் தாண்டக் கூடாது. அப்போதுதான் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் நிற்கும். பிறகு அக்கா மகள் எனக்குப் பின்னால் நின்று ஆம்ப்ளிஃபையரின் தேர்வுக் குமிழைத் திருப்புவாள். எந்தப் பக்கம் திருப்பினாள் என்பது அவளுடைய நோட்டில் மட்டும் இருக்கும். "மாமா, இப்போது பாடுவது எது?" என்று கேட்பாள். வீணையின் கமகத்திலும் சரி, தவிலின் அடியிலும் சரி, என் பதில்கள் காசு சுண்டிப் பார்த்ததற்கு மேல் தேறியதில்லை. ஆகவே டிஏசி சில்லை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வித்தியாசம் தெரிவது பாட்டு நிற்கிற இடத்தில். பைக்கு மலிவான கைபேசி சார்ஜரைக் கொடுத்து, யூஎஸ்பி வழியாக டிஏசி ஒன்றை இணைத்து, ஒலிக் குமிழை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் பாட்டை நிறுத்துங்கள். ட்வீட்டருக்கு, அதாவது உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கருக்கு, ஒரு சாண் தூரத்தில் காதை வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கலாம். வட்டிலிருந்து கோப்பு படிக்கப்படும்போதும் திரையில் பக்கம் மாறும்போதும் அதன் சுருதி ஏறி இறங்கும். பலகையின் மின்னிரைச்சல் யூஎஸ்பி கம்பியின் தரை இணைப்பு வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் போய்ச் சேருவதன் அடையாளம் அது. நல்ல அடாப்டர் போட்டால் குறையும். ஆனால் முழுத் தீர்வு ஆப்டிகல் இணைப்பு. ஒளியாகப் போவதால் இரு பெட்டிகளுக்கும் நடுவே மின்தொடர்பே இருக்காது. வீம் புரோவில் ஆப்டிகல் வெளியீடு பின்பக்கத்திலேயே இருக்கிறது. பைக்கு அதற்கென்று ஒரு துணைப் பலகை வாங்க வேண்டும். இந்தச் சுற்றில் ஆயத்தப் பெட்டிக்குத்தான் வெற்றி.

இங்கே ஒரு வார்த்தை: பழைய பங்களாக்களிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலும் எர்த் இணைப்பு பெயரளவுக்கு இருப்பது சகஜம். ஆம்ப்ளிஃபையரின் உலோக உறையைத் தொட்டால் விரல் சுரீரென்றால், புதுப் பெட்டி வாங்கும் பணத்தில் முதலில் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அது ஒலிக்காக மட்டும் சொல்வதில்லை, உயிருக்காகவும் சொல்கிறேன்.

அடுத்து மின்வெட்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், உதகைப் பக்கம் வெளுத்து வாங்கும்; அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வரும். கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ராஸ்பெரி பையின் பலவீனம் இங்கேதான். மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கார்டில் உள்ள மென்பொருள் கெட்டுப்போகலாம். திரும்ப வந்ததும் பை எழாது. பையை ஸ்ட்ரீமராக்கும் வால்யூமியோ, மூட் போன்ற மென்பொருள்களில் முறையாக நிறுத்திவிட்டு அணைப்பதுதான் பாதுகாப்பு. இதற்கு மாற்று பைகோர்பிளேயர். அது தொடங்கும்போதே முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்கிறது; பாடும் நேரத்தில் கார்டைத் தொடுவதில்லை. அழகான முகப்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இந்த மலையில் பை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே மென்பொருள் அதுதான். வீம் புரோவுக்கு இந்தக் கவலை இல்லை. மின்சாரம் வந்ததும் தானே எழுந்து நிற்கும். இரண்டுமே 5 வோல்ட்டில் இயங்குவதால் மின்வெட்டில் ஒரு நல்ல பவர் பேங்க் தாங்கும்.

ஆனால் ஆம்ப்ளிஃபையர் பவர் பேங்கில் ஓடாது, இன்வெர்ட்டர் வேண்டும். அங்கேதான் பலருடைய ஒலி கெடுகிறது. மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும். அந்த உறுமலுக்கு ஸ்ட்ரீமரைக் குறை சொல்லிப் பயனில்லை. சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறினால் அது அடங்கிவிடும். ரூட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். டிஏசியைப் பத்தாயிரம் ரூபாய் கூட்டி வாங்குவதைவிட இந்த இரண்டும் இசைக்கு அதிகம் செய்யும்.

இணையத்துக்கு வருவோம். கருங்கல்லும் தடித்த செங்கல்லுமாகக் கட்டிய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டாவது சுவரிலேயே திணறுகிறது; 2.4 கொஞ்சம் தள்ளிப் போகும். இரண்டையும் நம்பாமல் ஈதர்நெட் கம்பி இழுத்துவிடுவதே நல்லது. பை 4-லும் வீம் புரோவிலும் அதற்கான துளை உண்டு. சாதாரண உறையிடாத கேட்-6 போதும். ஈதர்நெட் துளைக்குள்ளேயே சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருந்து மின்தொடர்பைப் பிரித்துவிடுகிறது. உலோக உறையிட்ட கம்பி போட்டால் அந்த உறையே இரண்டு பெட்டிகளின் தரையையும் திரும்ப இணைத்துவிடலாம். ஆடியோவுக்கென்று பல ஆயிரத்துக்கு விற்கும் நெட்வொர்க் கம்பிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. தரவு பொட்டலங்களாக வந்து, சரிபார்க்கப்பட்டு, நினைவகத்தில் காத்திருந்து பிறகுதான் ஒலியாகிறது. கம்பியின் விலை அதில் ஏற வழியில்லை.

மரம் விழுந்து ஃபைபர் அறுந்த நாட்களில் எந்தச் சந்தாவும் பாடாது. சொந்தச் சேகரிப்பின் அருமை அப்போதுதான் தெரியும். சிடி தரத்தில், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக ஒரு மணி நேர இசை ஏறக்குறைய 300 முதல் 400 எம்பி. 1 டெராபைட் எஸ்எஸ்டியில் 2,500 மணி நேரத்துக்குக் குறையாமல் அடங்கும். சுழலும் வட்டின் சத்தமும் இல்லை. பை 4-ன் யூஎஸ்பி 3 துளையில் அதைச் செருகி சேகரிப்பை அடுக்கி வீட்டுக்குள் வழங்கும் லிரியன் மியூசிக் சர்வர் மென்பொருளை ஓடவிட்டால் வெளியுலகமே தேவையில்லை. ராகம் தானம் பல்லவியைத் துண்டு துண்டாக வெட்டிப் பதிந்திருந்தாலும் இடைவெளி விழாமல் ஓடும். வீம் புரோவில் வட்டைச் செருக இடமில்லை. கோப்புகளை வேறொரு சாதனம் வழங்க வேண்டும். இந்தச் சுற்று பைக்கு, அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

ஆயுள் விஷயத்திலும் பையின் பக்கமே சாய்கிறேன். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பழைய ஸ்ட்ரீமரைச் செய்த ஸ்லிம் டிவைசஸை 2006-ல் லாஜிடெக் வாங்கியது. 2012-ல் அந்த வரிசையை நிறுத்தியது. 2024-ல் அதன் இணையச் சேவையையும் மூடியது. ஆனாலும் அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் லிரியன் என்ற பெயரில் ஆர்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். மூடிய பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2019 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற கூகுளின் குட்டி ஸ்ட்ரீமர் குரோம்காஸ்ட் ஆடியோ, 2025 மார்ச்சில் உள்ளிருந்த சான்றிதழ் காலாவதியாகித் திடீரென முடங்கியது. நிறுவனம் சில நாட்களில் சரிசெய்துவிட்டது. செய்யாமல் விட்டிருந்தால் வாங்கியவர் கையில் வெறும் வட்டுதான் மிஞ்சியிருக்கும்.

அறைத் திருத்தத்தில் ஆயத்தப் பெட்டி மறுபடி முந்துகிறது. மரத்தளம், உயரமான கூரை, குறைவான சாமான்கள் என்றிருக்கும் பழைய அறைகளில் மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று வீங்கும். வீமின் செயலியில் அந்த அலைவரிசையை மட்டும் சில டெசிபல் இறக்குவது நிமிட வேலை. கைபேசி மைக்கை வைத்து அறையை அளந்து தானே திருத்தும் வசதியும் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் இந்த மாற்றம் உடனே தெரியும். பையிலும் காமில்லா டிஎஸ்பி என்ற ஒலித் திருத்த மென்பொருள் மூலம் செய்யலாம், பொறுமை வேண்டும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்தர எண்ணை வைத்துத் தேர்வு செய்ய வேண்டியதில்லை. சிடியின் 16 பிட் தருகிற 96 டெசிபல் வீச்சே வீட்டுக்கு மிகுதி. மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் கேட்டவர்கள் 554 முறைகளில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும் நாளில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகள் பெரிய எண்களில் வந்தாலும் அவற்றில் இருப்பது அன்றைய ஒலிநாடாவில் இருந்தது மட்டும்தான். மூடுபனிக் காலத்தில் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஆர்சிஏ கம்பி முனைகளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகுவது, இந்த எண்களைத் துரத்துவதைவிடப் பலன் தரும்.

வீட்டில் பெரியவர்களும் பயன்படுத்த வேண்டும், இணையச் சந்தாதான் பிரதானம் என்றால் வீம் புரோவை வாங்கி ஆப்டிகலில் இணையுங்கள். சொந்தச் சேகரிப்பு இருக்கிறது, கொஞ்சம் கைவேலைக்கும் தயார் என்றால் பை 4, பைகோர்பிளேயர், எஸ்எஸ்டி. ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் நான் பையை எடுப்பேன். இங்கே இணையம் போவது உறுதி, சேகரிப்பு போகாது.

வசதி இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடலாம். வீம் பெட்டிகள் லிரியன் சர்வரிலிருந்து பாடும் வசதியை 2023-ல் பெற்றன. பையையும் எஸ்எஸ்டியையும் ரூட்டர் பக்கத்தில், வேறு அறையில், அதே சிறு யூபிஎஸ் வரிசையில் வையுங்கள். பைக்கு மட்டும் 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் வெளியீடு வேண்டும். கேட்கும் அறையில் வீம் மட்டும், ஆப்டிகல் கம்பியோடு. பலகையின் இரைச்சல் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.