கிம்ப்ஸா, பிரைம்கிரிட்டா: சும்மா கிடக்கும் கணினியை எந்தப் பகா எண் தேடலுக்குக் கொடுப்பது?

வீட்டுக் கணினி பாதி நேரம் சும்மா கிடக்கிறது, அதன் உழைப்பைப் பெரிய பகா எண்களைத் தேடக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாயிற்று. சரி, எங்கே சேர்வது? முக்கியமான இடங்கள் இரண்டு. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கியது கிம்ப்ஸ். 2005-இல் லிதுவேனியாவின் ரிடிஸ் ஸ்லாட்கெவிச்சியஸ் தொடங்கியது பிரைம்கிரிட். இரண்டும் இலவசம், யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் உங்கள் கணினிக்கு அங்கே கிடைக்கும் வேலையில் நிறைய வித்தியாசம் உண்டு. சாதாரண கணினி வைத்திருப்பவருக்கு என் ஓட்டு பிரைம்கிரிட்டுக்குத்தான். காரணத்தைச் சொல்லும் முன் கிம்ப்ஸின் பெருமையைச் சொல்லியாக வேண்டும், அது சின்னப் பெருமை இல்லை.

கிம்ப்ஸ் தேடுவது மெர்சென் பகா எண்களை மட்டும். 2-ஐ ஏதாவது ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்து வருபவை இவை. இவற்றுக்கு லூக்கா-லெமர் என்ற அருமையான சோதனை இருக்கிறது. 2^7 − 1, அதாவது 127-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் எண்ணை வர்க்கமாக்கி 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 4, 14, 67, 42, 111, 0. ஐந்தாவது படியில் பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே 127 பகா எண். வேறு எந்தக் காரணியையும் தேட வேண்டியதில்லை. எத்தனை கோடி இலக்கமானாலும் செய்முறை இதேதான், படிகளின் எண்ணிக்கையும் ஒவ்வொரு படியின் பளுவும்தான் ஏறும். ஒரு படியின் விடை வந்தால்தான் அடுத்த படி தொடங்கும் என்பதால் ஒரே சோதனையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. எனவே ஆளுக்கொரு அடுக்கு. இப்போதைய அளவில் ஓர் அடுக்கை முடிக்க வீட்டு டெஸ்க்டாப்புக்கு நாட்கணக்கில் ஆகும், பழையதென்றால் வாரக்கணக்கில்.

1996 முதல் 2018 வரை கிம்ப்ஸ் கண்டுபிடித்த 17 பகா எண்களும் சாதாரண கணினிகளில் கிடைத்தவை. 2017-இல் கிடைத்ததை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு தேவாலயத்தின் கணினி கண்டுபிடித்தது. அதை இயக்கிய ஜொனாதன் பேஸ் 14 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர். அடுத்த ஆண்டே புளோரிடாவின் பாட்ரிக் லரோஷுக்குச் சேர்ந்த நான்கு மாதத்துக்குள், நான்காவது முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. அதிர்ஷ்டம் யார் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்தக் காலத்து கிம்ப்ஸின் ஈர்ப்பு.

2024 அக்டோபரில் நிலைமை மாறியது. லூக் டூரன்ட் என்பவர் 17 நாடுகளில் இருக்கும் டேட்டா சென்டர்களில் கிராஃபிக்ஸ் பிராசஸர்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். டப்ளினில் இருந்த ஒரு என்விடியா ஏ100-இல் 2^13,62,79,841 − 1 சிக்கியது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். கிம்ப்ஸின் 18-ஆவது கண்டுபிடிப்பு இது, வீட்டுக் கணினிகளின் 28 ஆண்டு ஆட்சியை முடித்துவைத்ததும் இதுதான். நல்ல வேலை, அவர் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உலகில் இதுவரை அறியப்பட்டதிலேயே மிகப் பெரிய பகா எண் நம் வீட்டு மேஜையில் கிடைக்கும் என்ற கனவோடு இன்று சேருபவர், யாரோடு போட்டி போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

அப்படியென்றால் சிறிய கணினி கிம்ப்ஸில் செய்யும் வேலை வீணா? இல்லவே இல்லை. ‘இது பகா எண் அல்ல’ என்ற விடையும் அங்கே கவனமாகப் பதிவாகிறது. முன்பெல்லாம் ஒரு சோதனையை நம்ப, இன்னொருவர் அதை முழுவதுமாகத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் ராபர்ட் கெர்பிச் கண்டறிந்த பிழை சோதிக்கும் முறை வந்தது. 2020 முதல் கணக்கோடு ஒரு சான்றுக் கோப்பும் போகிறது, அதைச் சரிபார்க்க மிகக் குறைந்த நேரமே போதும். இந்தப் பொறுமையான சரிபார்ப்பால்தான் 2013-இல் கிடைத்த எண் மெர்சென் பகா எண்களின் வரிசையில் 48-ஆவதுதான், இடையில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று 2021-இல் சொல்ல முடிந்தது. எனக்கு கிம்ப்ஸில் மிகவும் பிடித்தது சாதனைகளைவிட இந்த நேர்மைதான்.

பிரைம்கிரிட்டுக்கு வருவோம். பலரின் கணினிகளை அறிவியல் கணக்குகளுக்குப் பயன்படுத்தும் போயிங்க் (BOINC) என்ற பொது மென்பொருளில் இது ஓடுகிறது. ஒரு கணக்கு திறந்தால் உள்ளே பல தேடல்கள். இரட்டைப் பகா எண்கள் (2 வித்தியாசத்தில் வரும் ஜோடிகள்), பொதுமைப்படுத்திய ஃபெர்மா எண்கள், கூட்டுத் தொடரில் அமைந்த பகா எண்கள் எல்லாம் இங்கே தேடப்பட்டவை. 2016-இல் 3,88,342 இலக்கம் கொண்ட இரட்டைப் பகா எண் ஜோடி இங்கே கிடைத்தது. 2019-இல் சம இடைவெளியில் வரிசையாக 27 பகா எண்கள் கிடைத்தன. இரண்டாவதில் எண்கள் சிறியவை, 18 இலக்கம்தான். அப்படி ஒரு வரிசையைக் கண்டுபிடிப்பதில்தான் அருமை.

என்னை இழுப்பது பிரைம்கிரிட்டில் உள்ள செவன்டீன் ஆர் பஸ்ட் என்ற தேடல். 78557-ஐ எடுத்து, 2-இன் எந்த அடுக்கால் பெருக்கி 1-ஐக் கூட்டினாலும் பகா எண் வராது என்று ஜான் செல்ஃப்ரிட்ஜ் 1962-இல் நிரூபித்தார். முதல் அடுக்கில் 1,57,115 வருகிறது, 5-ஆல் வகுபடும். இரண்டாவதில் 3,14,229, அது 3-ஆல் வகுபடும். மூன்றாவதில் 6,28,457, அதை 73 வகுக்கிறது. இப்படி 3, 5, 7, 13, 19, 37, 73 என்ற ஏழு எண்களில் ஏதாவது ஒன்று எப்போதும் குறுக்கே வந்துவிடும். இப்படிப்பட்ட எண்களில் 78557-தான் மிகச் சிறியதா? அதைவிடச் சிறிய ஒவ்வொரு ஒற்றை எண்ணுக்கும் ஒரு பகா எண்ணைக் காட்டிவிட்டால் ஆம் என்று சொல்லிவிடலாம். 2002-இல் இந்தத் தேடல் தொடங்கியபோது பாக்கி இருந்தவை 17. 2016 அக்டோபர் 31 அன்று 10223-க்கு ஒன்று கிடைத்தது: 10223 × 2^3,11,72,165 + 1, இலக்கங்கள் 93,83,761. மீதம் ஐந்து: 21181, 22699, 24737, 55459, 67607.

மெர்சென் தேடலில் எத்தனை கிடைத்தாலும் அடுத்தது எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும். இங்கே ஐந்து பெயர்கள் அழிந்தால் ஒரு தேற்றம் முழுமையாகிவிடும். ஐந்தில் ஒன்று அழிந்தாலும் கணிதம் ஒரு படி நகர்ந்தது என்று அர்த்தம். வெறும் இலக்க எண்ணிக்கையைவிட இது பெரிது என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் இதன் சோதனைகளும் நாட்கணக்கில் ஓடுபவைதான். லேப்டாப்காரர்கள் முதலில் பிரைம்கிரிட்டின் சிறிய புராத் எண் (ஒரு சிறிய ஒற்றை எண்ணை 2-இன் அடுக்கால் பெருக்கி 1-ஐக் கூட்டி வருவது) தேடல்களில் தொடங்குவது நல்லது. வேலை சீக்கிரம் முடியும், உண்மையாகவே ஒரு பகா எண் கையில் கிடைக்க வாய்ப்பும் அங்கேதான் அதிகம்.

பணத்துக்காகச் சேருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கிம்ப்ஸ் ஒரு புதிய மெர்சென் எண்ணுக்கு 3,000 டாலர் தருகிறது. டூரன்ட் அதை அலபாமாவில் ஒரு கணித அறிவியல் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். பத்துக் கோடி இலக்கம் தாண்டும் முதல் பகா எண்ணுக்கு அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை (EFF) அறிவித்த 1,50,000 டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. அவ்வளவு பெரிய எண்ணைச் சோதிக்க வீட்டுக் கணினிக்கு ஆகும் மின்சாரச் செலவைப் பார்த்தால் இதை வருமானமாக நினைக்க முடியாது.

எங்கே சேர்ந்தாலும் முதலில் கிம்ப்ஸின் பிரைம்95 மென்பொருளை இறக்கி, அதில் உள்ள கடுஞ்சோதனையை (ஸ்ட்ரெஸ் டெஸ்ட்) ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மெமரியில் கோளாறு, குளிர்விப்பதில் குறை என்று எதுவானாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசஸர்களில் இருந்த ஒரு பிழையே இதில் ஓடும்போது வெளிப்பட்டதுதான், 2016-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு திருத்தமும் கொடுத்தது. சோதனையில் தேறிய டெஸ்க்டாப்பில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இருந்து, மாதக்கணக்கில் அணைக்காமல் விடவும் முடியுமென்றால் கிம்ப்ஸுக்கே கொடுங்கள், அங்கே அதற்குத் தகுந்த வேலை இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் பிரைம்கிரிட். லேப்டாப்பானால் எல்லா கோர்களையும் கொடுக்காமல் பாதியை மட்டும் கொடுங்கள், சூடு அடங்கும்.