மருந்துக் குப்பிக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டிய சோதனைப் பெட்டி

ஆப்பிரிக்க சிக்லிட் வகைத் தொட்டி மீன்களை வளர்ப்பவர்களின் அலமாரியில் மீன் நோய்க்கான மெட்ரோனிடசோல் மாத்திரையும் மெத்திலின் ப்ளூ குப்பியும் தவறாமல் இருக்கும். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி பெரும்பாலும் இருக்காது. என் அலமாரியும் அப்படித்தான் இருந்தது. இரையை வாயில் வாங்கி மறுகணமே துப்பி, வயிறு உப்பி, வெள்ளை நூல் போன்ற கழிவை இழுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிய இரண்டு ம்புனா மீன்களை (மலாவி ஏரியின் பாறைப் பகுதியில் வாழும் சிக்லிட்கள்) இழந்த பிறகுதான் ஏபிஐ நிறுவனத்தின் ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்டை வாங்கினேன்.

சாதாரண பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு), உயர் பிஎச், மீன் கழிவிலிருந்து உருவாகும் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய ஐந்தையும் இதில் சோதிக்கலாம். ஒரு பெட்டி சுமார் 800 சோதனைகளுக்கு வரும். உயர் பிஎச் குப்பி உடன் வருவதே எனக்கு இதில் பிடித்த முதல் விஷயம். மலாவி ஏரி மீன்களுக்கு பிஎச் 8-ஐ ஒட்டிய காரத்தன்மை வேண்டும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது ஏறத்தாழ 5 சதவீதமாகிவிடும். ஆகவே பிஎச் குறைவான ஏஞ்சல் மீன் தொட்டியில் அமோனியா 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) காட்டினால் பொறுத்திருந்து பார்க்கலாம், ம்புனா தொட்டியில் அதே 0.5 காட்டினால் அன்றே தண்ணீரை மாற்றியாக வேண்டும். இந்தச் சோதனை நச்சு வடிவம், நச்சு குறைந்த வடிவம் இரண்டையும் சேர்த்தே அளக்கிறது என்பதால், அமோனியா எண்ணைப் பிஎச் எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நைட்ரேட் சோதனையில் நான் செய்த தவறை மற்றவர்கள் செய்யக் கூடாது. இரண்டாம் குப்பியின் அடியில் மருந்து படிந்துவிடும். அதை 30 வினாடி பலமாகக் குலுக்கி, 10 சொட்டு விட்ட பின் குழாயை மேலும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கையேடு தெளிவாகவே சொல்கிறது. அதைப் படிக்காமல் இரண்டு மாதம் லேசாக ஆட்டிவிட்டு, நைட்ரேட் 10 பிபிஎம் என்று பார்த்து நிம்மதியாக இருந்தேன். முறைப்படி குலுக்கிய அன்று குழாய் ரத்தச் சிவப்பானது. 40-க்கும் 80-க்கும் இடைப்பட்ட சிவப்புகளைப் பிரித்தறிவது இவ்வகைச் சொட்டுச் சோதனைகள் எல்லாவற்றிலும் கடினம்; அப்போது தொட்டி நீருடன் சம அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். வண்ண அட்டையை டியூப்லைட்டின் கீழே அல்லாமல் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

கடினத்தன்மைச் சோதனை இதில் இல்லை, அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும் என்பதால், அது உள்ள வீட்டில் இது பெரிய குறையன்று. மெட்ரோ தண்ணீரையோ ஆர்ஓ நீரையோ பயன்படுத்துபவர்களுக்கு அவசியம். தாவரம் மேயும் ம்புனாவுக்கு மாட்டு இதயம் போன்ற கொழுத்த இரை போட்டு வயிற்று உப்புசத்தை நாமே வரவழைத்தால், எந்தச் சொட்டும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆஸ்கர் என்ற பெரிய சிக்லிட் மீனின் தலையில் துளை விழும் நோய்க்கும் அழுக்கு நீரோடு சத்துக்குறைவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

விலை சற்று அதிகம்தான். ஆனாலும் ஐந்து ம்புனாவின் விலையை யோசித்தால் எனக்கு உறுத்தவில்லை. இக்கரைசல்கள் நாள்பட்டால் வீரியம் இழக்கும் என்பதால், கடையில் வாங்கும்போது குப்பியின் மீதுள்ள லாட் எண்ணைப் பாருங்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன.