ஜாக்கை விடத் துணிதான் முக்கியம்: கடலூர் உப்புக்காற்றில் ஒரு .22 ரைஃபிளுடன் எட்டு வருடம்

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் தேவனாம்பட்டினத்துக் கடல்காற்று நேராக உள்ளே வரும். ஜன்னல் கொக்கி இரண்டே வருடத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும். அந்த வீட்டில்தான் உரிமத்தோடு ஒரு .22 (குழல் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். இன்றுவரை குழலுக்குள் ஒரு துரும்பு துரு இல்லை. அதற்குக் காரணம் விலை உயர்ந்த எண்ணெய் எதுவும் இல்லை. சரியான ஜாக்கும் (குழலைத் துடைக்கும் நீளக் கம்பியான ராட்டின் நுனியில் திருகி, துணியைத் தாங்கும் உலோக முனை), அதற்குப் பொருந்துகிற துணியும்தான்.

காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது குழலுக்குள் துணியை இழுக்கும் புல்த்ரூ கயிறும், சிந்தி என்று சொல்லும் துண்டுத் துணியும் கொடுப்பார்கள். துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் போட 4 அங்குலத்துக்கு ஒன்றரை. அப்போது அது எனக்கு வெறும் உத்தரவு. அந்த அரை அங்குலம் ஏன் குறைகிறது என்பது சொந்தமாக ரைஃபிள் வைத்த பிறகுதான் புரிந்தது. துடைக்கும் துணி குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகளுக்குள் இறங்கி அழுந்த வேண்டும். எண்ணெய்த் துணி கொஞ்சம் தளர்வாகப் போனால்தான் எண்ணெய் குழலில் தங்கும். இறுக்கமாகப் போனால் போட்ட எண்ணெயைத் தானே வழித்துக்கொண்டு வந்துவிடும்.

முதல் ஒன்றரை வருடம் ராட் முனையில் ஊசிக்காது போல ஓட்டை உள்ள முனையைத்தான் பயன்படுத்தினேன். துணியைக் கோத்து இழுப்பது சுலபம். ஆனால் துணி இரண்டு பக்கமும் மடிந்து தொங்குவதால் அழுத்தம் சுற்றிலும் ஒரே மாதிரி விழாது. துணி வெள்ளையாக வந்துவிட்டதே என்று நிறுத்திவிடுவேன். பிறகு ஜாக் வாங்கி அதே குழலில் ஒரு துணியைத் தள்ளினேன். கறுப்பாக வந்தது. அன்றோடு ஓட்டை முனையை எண்ணெய் போடுவதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

ஜாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று கூர்முனை வகை: துணியின் நடுவில் குத்தி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். குழல் வாயைத் தாண்டியதும் துணி கழன்று விழுந்துவிடும், அழுக்கு மறுபடி உள்ளே வராது. இன்னொன்று பார்க்கர் ஹேல் பாணி: துணியை உருளைமேல் சுற்றிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தாலும் துணி நழுவாது. சேம்பருக்குச் சற்று முன்னால் வளையமாகப் படிகிற கரியைத் தேய்க்க இதுதான் எனக்குக் கை கொடுத்தது. தினசரி வேலைக்குக் கூர்முனை, மாதம் ஒருமுறை சுற்றுமுனை என்று வைத்திருக்கிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கூர்முனையையே வாங்குங்கள்.

இனி துணி. .22 குழல் வரிப்பள்ளத்தில் ஏறக்குறைய 5.6 மி.மீ. என் ஜாக்கை வெர்னியரில் அளந்தால் 5.1. மீதி இருக்கிற அரை மில்லியில், பக்கத்துக்குக் கால் மில்லிதான் துணிக்கு இடம். அதனால் துணி மாறினால் ஜாக்கே மாறிய மாதிரி. பழைய பனியன் துணி இழுபடும், நூல் பிரிந்து உள்ளே தங்கும். டெரிகாட்டன் எண்ணெயையே குடிக்காது. பழைய வேட்டி மெல்லியது, இரண்டாக மடித்தால் ஓரளவு தேறும். நான் நிலைத்து நிற்பது மெத்தென்ற பருத்தி பிளானலில். பாண்டி நேரு வீதியில் மீட்டர் கணக்கில் வாங்கி வருகிறேன். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், இரண்டு முறை வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். வட்டமாக வெட்டுவது நல்லது. சதுரத்தின் நான்கு மூலைகளும் மடிந்து ஒரு பக்கம் தடித்துவிடுகின்றன.

அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? கையே சொல்லும். ஒரே சீரான எதிர்ப்போடு, உள்ளங்கையால் தள்ளும்போது போக வேண்டும். விரல் நுனியால் தள்ளினாலே ஓடினால் துணி சின்னது. தட்டினால்தான் போகும் என்றால் பெரியது, அங்கேயே நிறுத்திப் பின்னால் இழுத்துவிடுங்கள். இரண்டாவது வருடம் நான் அப்படி நிறுத்தவில்லை. தடித்த துணி பாதிக் குழலில் சிக்கிக்கொண்டது, மேலும் அழுத்தினேன், ராட் வளைந்து குழலில் உரசியது. ஒரு மணி நேரம் நெஞ்சு படபடக்க எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் எடுத்தேன். சிக்கிய துணியைச் சுட்டு வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

ஜாக் வாங்கும்போது, அதை ராட்டில் திருகும் மரையைப் பாருங்கள். 8-32, 8-36 இரண்டும் ஒரே பருமன், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் அங்குலத்துக்கு 32 மரை, மற்றதில் 36. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிடும். நான் இணையத்தில் வாங்கிய ஒரு மலிவு அலுமினிய செட்டில் மரை மூன்றே மாதத்தில் உரிந்துபோனது. பித்தளை நன்றாக உழைக்கிறது. ஒரே குறை, தாமிரக் கறையைக் கரைக்கும் திரவம் பித்தளையையும் கரைத்துத் துணியில் நீலப்பச்சையாகக் காட்டும், குழல் இன்னும் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்போம். தாமிரம் பூசிய குண்டு சுடுகிறவர்களுக்கு டிப்டன் கம்பெனியின் நிக்கல் பூசிய ஜாக் ஏற்றது. சாதாரண .22க்கு ஈயக் குண்டும் மெழுகும்தான், அந்தத் திரவமே தேவையில்லை.

ராட் கைப்பிடி பேரிங்கோடு தாராளமாகச் சுழல வேண்டும். .22இல் சுருள் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ராட் அதோடு சேர்ந்து திரும்பாவிட்டால் துணி வரிகளின் மேலாகத் தாவிப் போகும்.

அண்ணன் மகள் இப்போது .177 ஏர் ரைஃபிள் பழகுகிறாள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து பிடிவாதம். அவளுக்கு ஜாக் வாங்கித் தரவில்லை, குழலுக்குள் தள்ளித் துடைக்கும் வி.எஃப்.ஜி. கம்பெனியின் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) உருண்டைகளைத்தான் கொடுத்திருக்கிறேன். 4.5 மி.மீ. குழலில் துணி வெட்டி அளவு பார்ப்பது பெரிய வேலை. ஏர் ரைஃபிளுக்குக் கரைப்பான் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

என் பழக்கம் இதுதான்: அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பகுதி) கழற்றி, போர் கைடு (ராட்டை நேராகப் போகவைக்கும் குழாய்) போட்டு, கரைப்பானில் நனைத்த ஈரத் துணி இரண்டு, காய்ந்த துணி மூன்று, கடைசியில் சின்ன எண்ணெய்த் துணி ஒன்று. முடிந்ததும் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை அந்த எண்ணெய்த் துணி போகும். சுடப் போகும் நாளில் காய்ந்த துணி ஒன்றைத் தள்ளி எண்ணெயை எடுத்துவிடுவேன், இல்லையென்றால் முதல் சில குண்டுகள் இடம் மாறி விழும். துணி வெட்ட லேத் கடையில் ஒரு இரும்புக் குழாயின் வாயைக் கூராக்கி வாங்கியிருக்கிறேன். 28 மி.மீ. வட்டம் துடைக்க, 24 எண்ணெய்க்கு. மரக்கட்டைமேல் எட்டு மடிப்புப் பிளானலை வைத்து ஒரு அடி அடித்தால் எட்டுத் துண்டு கிடைக்கும்.