கட்டைவிரலா, சுட்டுவிரலா? ஏ.கே.-203இன் சேஞ்ச் லீவரோடு இரண்டு ஆண்டுகள்

காலாட்படையில் 2000ஆம் ஆண்டு சேர்ந்த நான் 2024இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இந்த 24 ஆண்டுகளில் ஆயுதக் கிடங்கான கோத்தில் கையெழுத்திட்டு வாங்கிய ரைஃபிள்கள் நான்கு வகை. பயிற்சி மையத்தில் அப்போதும் மிச்சமிருந்த 7.62 எஸ்.எல்.ஆர்., பட்டாலியனுக்கு வந்தபின் நெடுங்காலம் 5.56 இன்சாஸ், காஷ்மீர்ப் பணிக்காலங்களில் பழைய ஏ.கே., கடைசி இரண்டு ஆண்டுகள் அதே ரஷ்ய வழியில் வந்த புதிய ஏ.கே.-203. இந்தக் கடைசி ரைஃபிளின் துல்லியம், பின்னுதைப்பு, மடிக்கும் பட் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது அதன் வலப்பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு தகட்டைப் பற்றி. ரைஃபிளைப் பாதுகாப்பு நிலையில் வைப்பதும் ஒற்றைச் சூடா தொடர்சூடா என்று தீர்மானிப்பதும் அதன் வேலை. படையில் எல்லாரும் அதைச் சேஞ்ச் லீவர் என்போம். பல ஆண்டுகள் ஆயுதப் பயிற்சி தரும் உஸ்தாதாகவும் இருந்ததால், இந்தத் தகட்டை என் விரலால் அறிந்ததைவிடப் பிறர் கையில் பார்த்து அறிந்ததே அதிகம். சுடுகிறவனின் விரல் கேட்பதும் மேற்பார்க்கிறவனின் கண் கேட்பதும் ஒன்றல்ல என்பது அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.

பழைய ஏ.கே.யை ஏளனம் செய்கிறவர்கள் முதலில் கை வைப்பது இந்த லீவரில்தான். நீளமான எஃகுத் தகடு. அதன் அச்சு ரைஃபிளின் உடற்பகுதியான ரிசீவரின் பின்பகுதியில் இருக்கிறது. முன்முனை மேலே இருந்தால் சேஃப், நடுவில் தொடர்சூடு, அடியில் ஒற்றைச் சூடு. பதற்றத்தில் ஒருவன் ஓங்கி அழுத்தினால் தகடு நேரே அடிக்குப் போய் ஒற்றைச் சூட்டில் நிற்கும், மேகசின் ஒரே மூச்சில் காலியாகாது என்பது அந்த வரிசையின் நியாயம். ஆனால் அதை அழுத்த வேண்டுமானால் வலக்கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாக வேண்டும். 1940களின் சிந்தனையில் இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. தகடு அதற்குக் கைம்மாறாக மூன்று வேலைகளைச் செய்கிறது. உள்ளே, அதன் அச்சில் உள்ள புடைப்பு, சுடுவதற்கு அழுத்தும் விசையின் (டிரிக்கரின்) பின்பகுதி மேலெழாதபடி அழுத்திப் பிடிக்கிறது. வெளியே, தோட்டாவை ஏற்ற இழுக்கும் காக்கிங் ஹேண்டில் ஓடும் நீண்ட பிளவை மூடி மண்ணும் சேறும் உள்ளே போகாமல் காக்கிறது. கூடவே, ஹேண்டிலை முழுவதுமாகப் பின்னுக்கு இழுக்க முடியாதபடி குறுக்கே நிற்கிறது. 1906இல் வெளிவந்த ரெமிங்டன் மாடல் 8 ரைஃபிளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகடு புதிதாகத் தோன்றாது. ஜான் பிரவுனிங்கின் அந்த வேட்டைத் துப்பாக்கியிலும் ஏறக்குறைய இதே உருவத்தில் ஒன்று உண்டு.

கையை எடுக்க வேண்டிய குறையை இன்சாஸ் வேறு வழியில் தீர்த்தது. அதன் உள்ளமைப்பு பெரும்பாலும் ஏ.கே. வழியில் வந்ததுதான், ஆனால் காக்கிங் ஹேண்டிலை இடப்பக்கம் முன்னே கொண்டுபோய்விட்டதால் வலப்பக்கத்தில் நீண்ட பிளவே தேவைப்படவில்லை. பிளவு போனதும் அதை மூடும் தகடும் போயிற்று. லீவர் சிறிதாகி, இடப்பக்கம் கைப்பிடிக்கு மேலே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. பிடியைத் தளர்த்தாமல் நிலையை மாற்றலாம் என்ற அளவில் அது உண்மையிலேயே முன்னேற்றம்தான், எஸ்.எல்.ஆரில் பழகிய எங்கள் கைக்கு அது இயல்பாகவும் இருந்தது. ஆனால் உஸ்தாதாக நின்றபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. ஃபயரிங் ரேஞ்சில் ஏ.கே.யோடு படுத்திருக்கும் வரிசையின் வலப்பக்கமாக நடந்தால், பத்தடி தள்ளியே யாருடைய தகடு மேலே இருக்கிறது, யாருடையது இறங்கியிருக்கிறது என்று கண் சொல்லிவிடும். இன்சாஸில் ஒவ்வொருவரின் இடப்பக்கமும் போய்க் குனிந்து, விரல் மறைத்திருந்தால் விரலை நகர்த்தச் சொல்லித்தான் உறுதி செய்ய வேண்டும். பத்துப் பேருக்கு இது ஒரு பொருட்டல்ல. வெயிலில் நூறு பேரைச் சுடவைத்து முடிக்க வேண்டிய நாளில் அது பெரிய வேலை.

ஏ.கே.-203 எங்களிடம் வந்தபோது, இவ்வளவு ஆண்டுகள் கழித்து வந்த ரைஃபிளில் லீவரை என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள கோர்வாவில் 6,01,427 ரைஃபிள்கள் தயாரிக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வரப்போகும் ஆயுதம் என்பதால் எதிர்பார்ப்பும் பெரிதாக இருந்தது. பார்த்தால் அதே தகடு, அதே பக்கம், அதே மூன்று நிலைகள். ஒரே வேறுபாடு, தகட்டில் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு விளிம்பு. கைப்பிடியில் கை இருக்கும்போதே சுட்டுவிரலை நீட்டி அந்த விளிம்பை அழுத்தித் தகட்டை இறக்கலாம். "இதற்குத்தானா இத்தனை காலம்?" என்று அன்று கோத்தில் நின்றபடி வாய்விட்டுச் சொன்னது நினைவிருக்கிறது. ஆறு மாதம் கழித்து அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், முழுவதுமாக அல்ல.

முதல் வாரங்களில் விரல் வலித்தது. புதிய ரைஃபிளில் தகடு விறைப்பாக இருக்கும். அது பொறுப்போடு வைத்த விறைப்புதான், ஏனென்றால் தகடு இளகினால் இடுப்பிலும் பௌச்சிலும் உரசி தானாக இறங்கிவிடும். விளிம்பு இல்லாத பழைய தகட்டில் உரசுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. விளிம்பு வந்ததும் அதற்கே ஒரு கொக்கிக்குணம் வந்துவிடுகிறது. ஆக, விரலுக்கு எளிதாக்க வைத்த விளிம்பே தகட்டை இன்னும் இறுக்கமாக வைக்க வேண்டிய காரணமாகிறது; இறுக்கம் கூடினால் சுட்டுவிரலின் நுனிக்கு எளிமை போய்விடுகிறது. இறக்குவது பழகிவிடும். ஏற்றுவதுதான் கடினம்: விளிம்பின் அடியில் சுட்டுவிரலைக் கொடுத்து மேலே தள்ளும்போது மணிக்கட்டு திரும்பி, குழல் அரை அங்குலம் இடப்பக்கம் சாய்கிறது. எங்கள் செக்‌ஷனில் பெரும்பாலோர் இறக்குவதைச் சுட்டுவிரலாலும் ஏற்றுவதைப் பழையபடி முழுக்கையாலும் செய்தார்கள். நானும் அப்படித்தான். சுடத் தொடங்குவதற்குத்தான் வேகம் வேண்டும், நிறுத்துவதற்கு நிதானம் போதும் என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை.

ஓர் ஆண்டுக்குள் ரிசீவரின் பக்கவாட்டில் தகடு உரசி உரசிப் பிறை வடிவில் ஒரு வெள்ளைக்கோடு விழுந்துவிட்டது. ஏ.கே.யைக் கையாண்ட எவருக்கும் இந்தக் கோடு தெரியும். பழைய ரைஃபிளின் வயதை நாங்கள் அதைப் பார்த்தே சொல்வோம். மழை விடாத இடத்தில் பணியாற்றினால் பூச்சு போன அந்தக் கோட்டில்தான் முதல் துரு பூக்கும். காலையில் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் தீர்ந்தது. தகட்டை ரிசீவரோடு ஒட்டியே ஓடவைத்தால்தான் தூசு மூடியாக அது பயன்படும். ஒட்டி ஓடினால் கோடு விழாமல் இருக்காது.

சத்தம் தனிக் கதை. தகடு சேஃபிலிருந்து இறங்கும்போது எழும் 'டக்' என்ற ஒலி, அமைதியான இரவில் நாற்பது அடிக்குக் கேட்கும் என்று சொன்னால் மிகையாகாது. பழைய ஏ.கே.யில் எங்களுக்கு மூத்தவர்கள் கற்றுத்தந்த வழி, தகட்டின் முனையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து, ரிசீவரிலிருந்து சற்று வெளியே இழுத்து, மெல்ல இறக்கி, நிலைக்குழியில் படியவைப்பது. குளிரில் விறைத்த விரலுக்கு அந்த மெல்லிய தகட்டைக் கிள்ளுவது பெரும்பாடு. ஏ.கே.-203இன் விளிம்பு இங்கேதான் நான் எதிர்பாராத உதவியைச் செய்தது: உல்லன் கையுறையோடும் கிள்ள முடிகிறது. வடிவமைத்தவர்கள் அதற்காக வைத்தார்களா என்பது வேறு விஷயம்; இரவுப் பதுங்கலில் இருந்த எங்களுக்கு அந்த விளிம்பின் முதன்மைப் பயன் அதுவாகவே இருந்தது.

இடக்கைக்காரர்களைப் பற்றி நான் நினைத்திருந்ததும் பொய்த்தது. எங்கள் செக்‌ஷனில் இடத்தோளில் வைத்துச் சுடும் இளைஞர் ஒருவர் இருந்தார். இன்சாஸின் லீவர் அவருக்கு எதிர்ப்பக்கம் என்பதால் ஒவ்வொரு முறையும் ரைஃபிளைச் சாய்த்து வலக்கையால் மாற்றுவார். வலக்கைக்காரனையே சிரமப்படுத்தும் ஏ.கே.-203 இவரை இன்னும் வாட்டும் என்று எண்ணினேன். ஆனால் இடக்கையால் கைப்பிடியைப் பற்றும்போது அவருடைய கட்டைவிரல் இயல்பாகவே வலப்பக்கம் வந்து, தகட்டின் அச்சுக்கு அருகில் படிகிறது. அங்கிருந்தே அவர் தகட்டைக் கீழே தள்ளிவிடுவார். விளிம்பை அவர் தொட்டதே இல்லை. "உஸ்தாத், இது எனக்காகவே செய்தது போலிருக்கிறது" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலித் தோட்டாக்கள் முகத்துக்குக் குறுக்கே பறப்பதுதான் அவருக்கு மிஞ்சிய குறை.

எனக்கு இந்தத் தகட்டின் மேல் உண்மையான மனத்தாங்கல் ஒன்று உண்டு. அது விளிம்பால் தீராதது. தகடு மேலே இருக்கும்வரை காக்கிங் ஹேண்டிலை முழுவதும் இழுக்க முடியாது. அப்படியானால் 'காலி கர்' ஆணை கிடைத்ததும், சுடும் தோட்டா உட்காரும் சேம்பரைக் காலி செய்ய, ரைஃபிளைப் பாதுகாப்பு நிலையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். எஸ்.எல்.ஆரில் சேஃபில் வைத்தபடியே காக் செய்யலாம். 2019இல் 72,400 வாங்கப்பட்ட சிக் 716 ரைஃபிள், அமெரிக்க ஏ.ஆர். ரைஃபிள்களின் பாணியில் கட்டைவிரல் லீவர் உள்ளது. அதிலும் லீவரைச் சேஃபில் வைத்தே சேம்பரைத் திறந்து பார்க்கலாம். ஆயுதத்தைக் காலி செய்வதுதான் நாளின் மிக ஆபத்தான நேரம். காவல் முடிந்த களைப்பு, தேநீர் நினைவு, இருட்டு எல்லாம் சேரும் நேரம் அது. ஒருமுறை காவல் மாற்றத்தின்போது ஒரு சிப்பாய் மேகசினைக் கழற்றாமலே ஹேண்டிலை இழுத்து விட்டு, மேகசினைப் பிறகு கழற்றி, வழக்கப்படி விசையை அழுத்தினார். இழுத்து விட்டபோது சேம்பருக்குள் ஏறிய தோட்டா மணல் மேட்டுக்குள் போய்ப் புதைந்தது. யாருக்கும் காயமில்லை. தவறு அவருடையதுதான், ஆணையின் வரிசையை அவர் மாற்றினார்; அதற்கான தண்டனையும் பெற்றார். தகடு சேஃபில் இருந்திருந்தால் விசை அசைந்தே இருக்காது என்பதையும் நான் அன்று மறக்க முடியவில்லை.

அப்படியானால் தகட்டையே தூக்கிவிட்டுக் கட்டைவிரல் லீவர் வைத்தால் என்ன? ரஷ்யர்கள் அதைச் செய்துபார்த்தார்கள். 2012இல் காட்சிக்கு வந்த முதல் ஏ.கே.-12 மாதிரியில் இரு பக்கமும் கட்டைவிரலால் இயக்கும் லீவர் இருந்தது. அந்த மாதிரி கைவிடப்பட்டு, 2018இல் படைக்கு ஏற்கப்பட்ட ஏ.கே.-12 மீண்டும் வலப்பக்கத் தகட்டோடு, சுட்டுவிரல் விளிம்போடு வந்தது. அதில் இரண்டு தோட்டாச் சூடு என்ற நான்காவது நிலையையும் சேர்த்திருந்தார்கள். ஒரே வளைவில் மூன்றுக்குப் பதில் நான்கு நிறுத்தங்கள் என்றால் இடைவெளி சுருங்கும். இருட்டில் விரலின் உணர்வை நம்புகிறவனுக்கு அது எவ்வளவு தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023இல் வந்த மாற்றத்தில் அந்த நான்காம் நிலையை எடுத்துவிட்டார்கள், லீவரை இடப்பக்கத்திலிருந்தும் இயக்கும்படி செய்தார்கள். இஸ்ரேலின் கலீல் ரைஃபிள் இதற்கு வெகு காலம் முன்பே இடப்பக்கக் கட்டைவிரல் லீவரையும் வலப்பக்கத் தகட்டையும் உள்ளிணைப்பால் பூட்டி இரண்டையும் வைத்துக்கொண்டது. தகட்டை இழக்காமல் கட்டைவிரலுக்கு வழி செய்வதற்கு அது நேர்த்தியான வழி. அதற்கு விலை, கூடுதல் பாகங்களும் அவற்றின் உராய்வும். களத்தில் சுத்தம் செய்யும் இடங்களும் கூடும்.

எங்கள் ரைஃபிளிலும் ஒருநாள் இடப்பக்க லீவர் வரலாம். வந்தால் இளைஞர்கள் மகிழ்வார்கள். என்னைக் கேட்டிருந்தால் அதற்கு முன்பாக மலிவான வேறொன்றைக் கேட்டிருப்பேன். வெளிநாடுகளில் பொதுமக்களுக்கு விற்கும் ஏ.கே. வகைகளுக்கான சில தகடுகளில் மேல்விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கும். ஹேண்டிலைப் பின்னுக்கு இழுத்துத் தகட்டை மேலே ஏற்றினால் ஹேண்டில் அந்த வெட்டில் சிக்கி, சேம்பரை அடைக்கும் போல்ட் திறந்தே நிற்கும். 'ஜாஞ்ச் சஸ்த்ர்' சொல்லி வரிசையாக ஆயுதம் பார்க்கும்போது ஒவ்வொருவரும் ஹேண்டிலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கை நடுங்க நிற்க வேண்டியதில்லை. காலி சேம்பர் கண்ணுக்கு நேரே தெரியும், விசையும் பூட்டியிருக்கும். அந்த வெட்டு வழியாக மண் போகுமே என்று யாராவது சொன்னால், போகட்டும். துடைப்பதற்கென்றே வாரத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறார்களே.