மிளகாய்த்தூள் அரைக்க எந்த ஊர்: பாத்தாமா, ஈரோடா, ஜோகூரா?

சிங்கப்பூரில் அத்தானின் மசாலாக் கூடத்துக்கு வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது. தேக்காவில் டீ ஆறிக்கொண்டிருக்க, கூடத்தை எங்கே மாற்றலாம் என்று ரசீதின் பின்பக்கத்தில் மூன்று ஊர்ப் பெயர்களை எழுதினார். இதற்கெல்லாம் முன்பு எந்த நாட்டில் தொழில் நடத்துவது எளிது என்ற உலக வங்கியின் தரவரிசையைப் புரட்டுவோம். சில ஆண்டுகளிலேயே 142ஆம் இடத்திலிருந்து 63க்கு ஏறிவந்தது இந்தியா. புள்ளிவிவரத்தில் குளறுபடி என்று 2021இல் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டார்கள். சரி, நம் கணக்கை நாமே போடுவோம்.

பாத்தாம் படகில் ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்தோனேசியாவில் வெளிநாட்டார் கம்பெனி என்றால் நிலம், கட்டடம் நீங்கலாகவே 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் காசுக்கு ஏழெட்டு லட்சம் வெள்ளி. அத்தானிடம் இருப்பது இரண்டு அரவை மெஷினும் ஒரு வேனும். அந்த ஊரை அடித்துவிட்டோம்.

ஈரோட்டை அவ்வளவு லேசாக அடிக்க முடியவில்லை. மஞ்சள் அங்கேயே கிடைக்கும், பேச்சும் நம் பேச்சு. கம்பெனி தொடங்கக் குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனை 2015இலேயே போய்விட்டது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் மாநில எல்லையில் லாரியை நிறுத்தி வரி கேட்பதும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். இயக்குநர்களில் ஒருவராவது ஆண்டுக்கு 182 நாள் இந்தியாவில் இருக்க வேண்டும். யார் போய் உட்காருவது? மலேசியாவிலும் உள்ளூரில் குடியிருக்கும் இயக்குநர் தேவைதான், ஆனால் அத்தானின் தம்பி அங்கே ஜோகூரின் ஸ்கூடாயில் இருக்கிறார்.

இன்னொன்று, தூள். அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, "சல்லடை கிழிஞ்சிருக்கு" என்பார். பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும். ஈரோட்டில் சல்லடை கிழிந்தால், இங்கே கன்டெய்னரைத் திறக்கும்போதுதான் தெரியும்.

ஜோகூரில் மலிவு என்று எதுவும் கொட்டிக்கிடக்கவில்லை. கம்பெனி வரி பொதுவாக 24 விழுக்காடு, இங்கே 17. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதே ஆண்டு ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரத்தில் 5 விழுக்காடு வரி உண்டுதான். அது செயற்கை நுண்ணறிவு, மருத்துவச் சாதனம், விமானத் துறை போன்றவற்றுக்கு. மிளகாய்த்தூளை யாரும் கூப்பிடவில்லை! ஆனால் பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழும் ஆட்கள் 75க்குக் கீழும் இருந்தால் உற்பத்தி உரிமமே தேவையில்லை. சிறு ஆளுக்கு வரிச்சலுகையைவிட இதுதான் பெரிது என்பேன். காலையில் சல்லடை கிழிந்தால் மதியத்துக்குள் அக்கா அங்கே நிற்கலாம்.

சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடல்பாலத்தின் நெரிசல்? இரு கரைக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில் ஆட்களுக்கு உதவும், லாரிக்கு உதவாது.

மஞ்சளை ஈரோட்டில் வாங்கி ஜோகூரில் அரைப்பது என்று பேச்சு முடிந்தது. அப்புறம் அக்கா கேட்டார்: "லாரியோட விடியக்காலை நாலு மணிக்கு யாரு கிளம்புறது?" அத்தான் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.